எடைக் கூடத்து அண்ணியும் கால் பிரிவுக் கொழுந்தனும்

ராக்கெட் தொழிற்சாலையில் எல்லோரும் அவரை எடைக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பெயர் 'கிராம்'. வயது ஐம்பத்தாறு. எடைக் கூடத்தில் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட தாமதமாக வந்ததில்லை. அதை அவர் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை.

எடைக் கூடம் என்பது நூற்றிருபது அடி நீளமுள்ள கொட்டகை. நடுவில் இரண்டு தொட்டில்கள், அவற்றின் அடியில் நான்கு தராசுகள். ராக்கெட்டின் அடிப்பாகமான பூஸ்டரைப் படுக்க வைத்து எடை போடுவார்கள். எடை போடும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது, கதவு திறக்கக் கூடாது. ஒருமுறை தலைமைப் பொறியாளரே பாதியில் உள்ளே வந்துவிட்டார். "ஐயா, நீங்க வந்த காத்துல முந்நூறு கிராம் ஆடிப்போச்சு. வெளிய நில்லுங்க" என்று அவரையே விரட்டியவர் எடைக்காரம்மா. பூஸ்டரின் வயிற்றில் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டைக்கூட உரித்து எடுத்து 'பதினான்கு கிராம்' என்று பதிவேட்டில் எழுதியவர். அவருடைய கையெழுத்து விழுந்த எண்ணை மறுபடி யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று ஒரு வழக்கமே ஏற்பட்டிருந்தது.

அவருக்கு ஒரே ஒரு எதிரி. கணவரின் தம்பி.

கொழுந்தன் அதே தொழிற்சாலையில் கால் பிரிவின் தலைவன். விண்ணுக்குப் போன பூஸ்டர் தன் வேலை முடிந்ததும் திரும்பி வந்து, கான்கிரீட் மேடையில் நின்றபடி இறங்க வேண்டும். அதற்கு நான்கு கால்கள். போகும்போது உடம்போடு மடங்கியிருக்கும். தரைக்குச் சற்று மேலே வரும்போது விரியும். அந்தக் கால்களைச் செய்கிற முப்பத்தெட்டு பேருக்குக் கொழுந்தன் தலைவன். இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் தம்பிக்கு, நடுவில் பதினேழு படிகள்.

பகை தொடங்கியது பதினோரு ஆண்டுகளுக்கு முன். முதல் காலுக்குக் கொழுந்தன் பூசிய வெப்பம் தாங்கும் வண்ணம், சொன்ன கணக்கைவிட இரண்டு கிலோ முந்நூறு கிராம் கூடுதலாக இருந்தது. எடைக்காரம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சுரண்டி மறுபடி பூச ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் கொழுந்தனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவனுக்குப் போனது. அதுவரை கொழுந்தனை 'நீ' என்ற எடைக்காரம்மா அன்று முதல் 'நீங்க' என்றார். இருவருக்கும் இடையே மரியாதை ஏற ஏறப் பேச்சு இறங்கியது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், ஒருவர் கைப்பிடியைப் பார்ப்பார்.

எடைக்காரம்மாவுக்குக் கால்களே பிடிக்காது. அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. பூஸ்டரில் ஏற்றக்கூடிய கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதில் மேலே கொண்டுபோகிற செயற்கைக்கோளுக்குப் பங்கு வேண்டும்; திரும்பி இறங்க மிச்சம் வைக்கிற எரிபொருளுக்குப் பங்கு வேண்டும்; கால்களுக்குப் பங்கு வேண்டும். ஒன்றின் பங்கை வெட்டித்தான் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். கால்கள் வேலை செய்வது கடைசி எட்டு நொடி. அந்த எட்டு நொடிக்காக ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோவை வானம் வரை தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வருவது தண்டச் சுமை என்பது அவர் வாதம். அதைவிட மேடையருகே ஒரு கோபுரம் கட்டி, இறங்கி வருகிற பூஸ்டரை இரண்டு இரும்புக் கைகளால் பிடித்துக்கொண்டால் கனமெல்லாம் தரையிலேயே தங்கிவிடும்.

கொழுந்தன் இதைக் கேட்டால் குதிப்பான். "காலு இருந்தா மேடையில எங்க வேணா இறங்கலாம். கோபுரத்துல பிடிக்கணும்னா ஒரு முழம் தப்பினாலும் பூஸ்டரும் போச்சு, கோபுரமும் போச்சு. அப்ப எங்க அண்ணி தராசைத் தூக்கிட்டு வந்து சாம்பலை எடை போடுவாங்க."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதனால்தான் எட்டு ஆண்டுகளாக முடிவே ஆகவில்லை.

முடிவு செய்யும் நெருக்கடி ஏழாவது பயணத்தில் வந்தது. முதல் ஆறு பயணங்களில் பூஸ்டர் மெதுவாக இறங்கியது. காலின் முனைக்குள் தேன்கூடு போன்ற ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். இறங்குகிற அடியை வாங்கிக்கொண்டு அது நசுங்கும். முதல் ஆறு முறையும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நசுங்கியதில்லை. ஏழாவதில் ஐம்பத்தெட்டு, எட்டாவதில் அறுபத்தொன்று, ஒன்பதாவதில் அறுபத்தாறு. எழுபதைத் தாண்டினால் கால் ஒடியும். ஒன்பதாவதில் ஒரு கால் வளைந்து, பூஸ்டர் குடித்தவன் போலச் சாய்ந்து நின்றது.

பழி கால்களின் மேல் விழுந்தது. ஏழாவதிலிருந்து கனமான செயற்கைக்கோளுக்காக இறங்கும் எரிபொருளை நானூறு கிலோ குறைத்திருந்தார்கள்; கடைசி நேரத்தில் திருத்திக்கொள்ள இருந்த இடம் சுருங்கிவிட்டது; அதைத் தாங்க இந்தக் கால்களுக்குத் தெம்பு இல்லை என்று பேச்சு. எட்டாவதுக்குப் பிறகு கால் பிரிவின் வெல்டிங் மேஸ்திரியைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். அவர் இட்ட பற்றவைப்புதான் கோளாறு என்று யாரோ சொன்னார்களாம். ஒன்பதாவதுக்குப் பிறகு தலைமைப் பொறியாளர் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தார். கால்களா, கோபுரமா என்று அன்றே தீர்ப்பு. கோபுரம் என்றால் கால் பிரிவுக்குப் பூட்டு. கால்களின் மொத்தக் கனத்தையும் முதல் பயணத்திலிருந்து அட்டவணையாகக் கொண்டுவரும்படி எடைக்காரம்மாவுக்கு உத்தரவு வந்தது.

பதினோரு ஆண்டுகளில் அவருக்கு வந்த உத்தரவுகளிலேயே இனிப்பான உத்தரவு அதுதான்.

புதன்கிழமை மதியம் பழைய நிரப்புப் பட்டியல்களை எடுத்துப் பரப்பினார். பூஸ்டருக்குள் நிரப்புகிற எரிபொருள், வாயு, எண்ணெய் எல்லாவற்றையும் நிரப்பும் பிரிவு எழுதி அனுப்புகிற பட்டியல் அது. எடைக் கூடத்தில் வெறும் பூஸ்டரைத்தான் எடை போடுவார்கள். அதோடு இந்தப் பட்டியலைக் கூட்டினால் முழுக் கனம். கால்களின் கனத்தில் ஒரு கிராம்கூட விட்டுப்போகக் கூடாது என்று வரிவரியாகப் பார்த்தார். ஆறாவது பயணம் வரை பட்டியலில் முப்பத்தெட்டு வரிகள். ஏழாவதிலிருந்து முப்பத்தேழு.

விட்டுப்போன வரி இருபத்தொன்றாவது: 'கால் விரிக்கும் நைட்ரஜன், எட்டு சிலிண்டர், 151.2 கிலோ.'

எடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஏழாவது பயணத்துக்கான தன் பதிவேட்டைத் திறந்தார். அவர் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது: 'முழுக் கனம் 151.2 கிலோ குறைந்துள்ளது. நிரப்பும் பிரிவின் சிக்கனம் பாராட்டத்தக்கது.'

பட்டியலையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை பார்த்தார்.

மறுநாள் காலை அவர் கால் பிரிவுக்குப் போனார். பதினோரு ஆண்டில் அங்கே கால் வைப்பது இரண்டாவது முறை. அறுக்கும் சத்தம் நின்றது. கொழுந்தன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான்.

"வாங்க அண்ணி. பூட்டு அளவெடுக்க வந்தீங்களா?"

"ஒரு கேள்வி கேட்கணும் தம்பி. காலுக்குள்ள இருக்கிற சிலிண்டர்ல வாயு நிரப்புறது யாரு?"

"நாங்கதான். ஏழாவதுல இருந்து. நிரப்புற பிரிவுக்காரங்க வர்றதுக்கு ரெண்டு நாள் காத்துக் கெடக்கணும்னு நான்தான் மாத்திக் கேட்டேன். அதுக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சாச்சா?"

"நிரப்பின பிறகு எடை போடுறீங்களா?"

கொழுந்தன் சிரித்தான். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "கேட்டீங்களாடா? 'நிரப்பிய சிலிண்டர் எடைக் கூடத்துக்குள் வரக் கூடாது'ன்னு உங்க கதவுல ஒட்டினது யாரு அண்ணி? நானா? ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு சிலிண்டர் புஸ்ஸுன்னு உருண்டு ஓடுச்சுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? வெறும் சிலிண்டரைக் கொண்டு வா, எடை போடுறேன்னீங்க. கொண்டு வந்தோம். திரும்பி வர்றப்பவும் வாயுவை வெளிய விட்டுட்டுத்தான் கொண்டு வர்றோம். சட்டத்தை மீறலையே?"

"மீறல" என்றார் எடைக்காரம்மா.

"அப்புறம் என்ன? நாளைக்குத்தான் தூக்குப் போடப் போறீங்க, இன்னைக்கே கயித்தைக் காட்டணுமா? கிளம்புங்க அண்ணி. இங்க எல்லாருக்கும் வேலை இருக்கு. இன்னைக்கு வரைக்கும் இருக்கு."

அவனுக்கு விளங்கவில்லை என்பது எடைக்காரம்மாவுக்கு விளங்கியது. நிரப்பும் வேலை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறியது. எழுதும் வேலை மாறவில்லை. நிரப்பும் பிரிவு தான் நிரப்பாததை எழுதாமல் விட்டது. கால் பிரிவுக்குப் பட்டியல் எழுதும் வழக்கமே இல்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டியவர் எடைக்காரம்மா. அவரோ சிக்கனம் என்று பாராட்டி எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். ஒட்டுச் சீட்டின் பதினான்கு கிராம் கண்ணில் பட்டது. நூற்றைம்பத்தொரு கிலோ வாயு படவில்லை.

கூடத்துக்குத் திரும்பி ஒரு தாளில் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து இறங்கும் பூஸ்டர் பதினாலாயிரம் கிலோதான். இன்ஜினை எவ்வளவு தணித்தாலும் அதன் உந்துதல் அந்தக் கனத்தைவிட அதிகம். அதனால் பூஸ்டர் அந்தரத்தில் நிதானமாக நின்று, பார்த்துப் பார்த்து இறங்க முடியாது. சரியான நொடியில் இன்ஜினைப் பற்றவைக்க வேண்டும். தரையைத் தொடும் அதே கணத்தில் வேகம் தீர்ந்திருக்க வேண்டும். சீக்கிரம் பற்றவைத்தால் மேலேயே நின்று திரும்பவும் எழும்பும். தாமதித்தால் மோதும். எந்த நொடி என்பதைக் கணினி கனத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கனம் அவர் கையெழுத்துப் போட்ட எண். விட்டுப்போன வாயு பூஸ்டரின் கனத்தில் நூற்றுக்கு ஒன்று; அவ்வளவு கனம் கூடினால், எட்டு நொடி எரிப்பில் நொடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் வேகம் மிச்சம் நிற்கும். கடைசி மூன்று பயணங்களிலும் வேகம் அதே அளவுதான் கூடியிருந்தது.

கால்கள் அடி வாங்கியது அவரிடம்.

அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில், மேல்தளத்துப் படிகளில் கொழுந்தன் இறங்கி வந்து, சமையலறையில் இருந்த அவர் காதில் விழும்படி அண்ணனிடம் பேசினான்.

"அண்ணே, நாளைக்கு உங்க வீட்டுக்காரம்மா முப்பத்தெட்டு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தப் போறாங்க. பெருமையா இருக்கா?"

கணவர் பள்ளியில் பூகோளம் நடத்துபவர். உலகத்துச் சண்டைகளையெல்லாம் வரைபடத்தில் காட்டுவாரே தவிர, வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் எல்லை தாண்டமாட்டார். "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"பசிக்கல" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் பதினேழு படியையும் அதிர ஏறிப் போனான்.

எடைக்காரம்மா தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க."

"நீயா? இரு, தேதியைக் குறிச்சு வச்சுக்கிறேன்."

"விளையாடாதீங்க." எல்லாவற்றையும் சொன்னார். "யாருக்கும் தெரியாது. நாளைக்கு நான் வாயை மூடிட்டு இருந்தா கோபுரம் வந்துடும். காலே இல்லாதப்ப இந்த சிலிண்டரும் இருக்காது. தப்பு தானா அழிஞ்சுடும்."

"சொன்னா?"

"அவரு ஜெயிப்பாரு. என் கையெழுத்துக்கு இனிமே மதிப்பு இருக்காது."

கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ சொன்னாலும் அவன் உனக்கு நன்றி சொல்லமாட்டான்."

"அவரு நன்றி யாருக்கு வேணும்?" என்று வெடித்தார் எடைக்காரம்மா. "தப்பான எண் என் பதிவேட்டுல உட்கார்ந்திருக்கு. மூணு பயணமா உட்கார்ந்திருக்கு. அதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்ட அறையில் பதினோரு பேர். கொழுந்தன் முதலில் எழுந்தான். தன் கால்களின் பற்றவைப்பு, பரிசோதனை, படங்கள் எல்லாவற்றையும் காட்டினான். குரல் ஏறிக்கொண்டே போனது. "எங்க தரப்புல என்ன சொன்னாலும் இங்க எடுபடாதுன்னு தெரியும். எங்க குடும்பத்துலயே ஒருத்தங்க பதினோரு வருஷமா இந்த நாளுக்காகக் காத்துட்டு இருக்காங்க. அட்டவணையோட உட்கார்ந்திருக்காங்க பாருங்க. போடட்டும்."

எல்லோரும் எடைக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். அட்டவணையைத் திறக்கவில்லை.

"கால்ல கோளாறு இல்ல. கோளாறு என் எடையில. ஏழாவது பயணத்துல இருந்து நூத்தம்பத்தொரு கிலோ இருநூறு கிராம் குறைச்சு எழுதியிருக்கேன். கால் சிலிண்டருக்குள்ள இருக்கிற நைட்ரஜன்."

கணினிப் பிரிவுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அடப் பாவமே! ஒவ்வொரு தடவையும் கடைசியில வேகம் குறைய மாட்டேங்குதேன்னு பார்த்தோம். எரிபொருள் மீதி நின்னு கனம் கூடுதுன்னு நெனச்சோம்."

தலைமைப் பொறியாளர் நம்பவில்லை. "வாயு அவ்வளவு கனமா இருக்குமாம்மா?" பதினோரு பேரும் முற்றத்துக்குப் போனார்கள். கையோடு எடுத்துப் போகும் தராசைக் கொண்டுவந்து, வெறும் சிலிண்டரையும் நிரப்பிய சிலிண்டரையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். வித்தியாசம் பதினெட்டுக் கிலோ தொள்ளாயிரம் கிராம். எட்டால் பெருக்க யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க" என்றார் எடைக்காரம்மா. "அவரு காலு இத்தனை நாள் நாம நெனச்சதைவிட நூத்தம்பத்தொரு கிலோ கனம். கோபுரம்தான் நல்லதுன்னு நான் இன்னும் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை.

"மூணு பயணம் அண்ணி" என்றான். "மூணு பயணம் என் ஆளுங்களைக் கண்டவனெல்லாம் திட்டினான். என் மேஸ்திரியைக் கொண்டுபோய் ஸ்டோர்ல உட்கார வச்சாங்க. முப்பது வருஷம் பத்தவச்ச கை, இப்ப அட்டைப்பெட்டி எண்ணுது. நீங்க என்னடான்னா ஒரு வரி விட்டுப்போச்சுங்கிறீங்க."

"ஆமா. ஒரு வரிதான் விட்டுப்போச்சு."

"வேற யாராச்சும் விட்டிருந்தா சும்மா விடுவீங்களா?"

"மாட்டேன்."

"நானும் விடமாட்டேன்" என்றான் கொழுந்தன்.

பத்தாவது பயணம் சரியான எண்ணோடு போனது. பூஸ்டர் திரும்பி வந்து நின்றபோது தேன்கூடு நசுங்கியது ஒன்பது மில்லிமீட்டர். கோபுரத் திட்டத்தை இரண்டு ஆண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். கால் பிரிவு பிழைத்தது.

எடைக்காரம்மா பண்டகசாலைக்குப் போய் வெல்டிங் மேஸ்திரியின் எதிரில் நின்று, தவறு தன்னுடையது என்று சொன்னார். மேஸ்திரி ஆணிப்பெட்டிகளை எண்ணிக்கொண்டே கேட்டார். எண்ணி முடித்து எழுதிய பிறகுதான் நிமிர்ந்தார். "பழைய எடத்துக்கு வரச் சொல்லி உத்தரவு வந்துச்சும்மா. நான் போகல. இங்க ஃபேன் இருக்கு. என் மேல பழி சொல்ல யாரும் இல்ல. நீங்க போயிட்டு வாங்க." உட்காரச் சொல்லவில்லை. அவரும் நின்றபடியே திரும்பினார்.

அந்த மாதத்திலேயே புதிய விதி வந்தது. எடைக் கூடத்திலிருந்து போகும் எந்த எண்ணுக்கும் இனிமேல் இரண்டு கையெழுத்து. முதலாவது எடைக்காரம்மா. இரண்டாவது யார் என்று தலைமைப் பொறியாளர் கேட்டபோது, அறையில் ஒரே ஒரு கை உயர்ந்தது. அது கொழுந்தனின் கை.

பதினோராவது பயணத்துக்கான பட்டியலை அவன் மூன்று மணி நேரம் பார்த்தான். அதே மேசை, எதிரெதிர் நாற்காலி. முப்பத்தெட்டு வரியிலும் விரலை வைத்து நகர்த்தினான்.

"பதினாறாவது வரி. கிரீஸ், நானூத்திப் பத்து கிராம். டப்பாவோடயா, டப்பா இல்லாமலா?"

"டப்பா இல்லாம."

"எப்படி நம்புறது?"

எடைக்காரம்மா எழுந்து போய், காலி டப்பாவைக் கொண்டுவந்து தராசில் வைத்தார். எழுதிய எண் சரி. கொழுந்தன் அடுத்த வரிக்குப் போனான். எட்டு சிலிண்டர்களையும் தன் கண்முன்னால் மறுபடி எடை போடச் சொன்னான். முற்றத்து வெயிலில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். எட்டும் சரி. தவறு கிடைக்காத எரிச்சல் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எடைக்காரம்மாவுக்கும் அதை மறைமுகமாக ரசிக்கும் பக்குவம் இல்லை. நேராகவே ரசித்தார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"இன்னைக்கு முடிஞ்சுது." கையெழுத்தைப் போட்டு, தாளை மேசைமேல் தள்ளினான். "நாளைக்கு இன்ஜின் பட்டியல். எட்டு மணி. நேரத்துக்கு வாங்க அண்ணி."

இருபத்திரண்டு ஆண்டில் அவரிடம் அப்படிச் சொன்னவர் கிடையாது. மறுநாள் அவர் வழக்கம்போல ஏழு ஐம்பத்து மூன்றுக்குக் கூடத்தின் கதவைத் திறக்கப் போனார். கொழுந்தன் கையில் பேனாவோடு வாசலில் நின்றிருந்தான். காவலாளியின் ஏட்டில் அவன் வந்த நேரம் ஏழு முப்பத்தொன்பது என்று இருந்தது.